சேர்வரை அணைக்காமல் இருபது நிமிஷம்

நெட்வேர்க் அறுந்தால் எல்லாருடைய கையும் முதலில் போவது சேர்வர் பட்டனுக்குத்தான். அந்தக் கையைத் தட்டிவிடுவதுதான் எங்கள் தொழில். இதில் மாட்டிக்கொண்டு திட்டு வாங்கும் சகோதரர்களே, நானும் உங்களில் ஒருவன். சான்றிதழ் கிடையாது. மாவனல்லையில் ஒரு கொம்பியூட்டர் கடையில் பெட்டி தூக்கி, ஏச்சு வாங்கிக் கற்றுக்கொண்டவன். கோபம் கொஞ்சம் கூடுதல். ஓப்பநாயக்கப் பக்கத்துத் தேயிலைப் பெக்டரி ஒன்றின் சேர்வர் சில வருஷம் என் பொறுப்பில் இருந்தது. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மூக்கில் தேயிலை வாசம் ஏறுகிறது.

ஒரே ஒரு தடவை

பறித்த கொழுந்தை மடுவத்தில், அதாவது மலையிலுள்ள நிறுவைக் கொட்டகையில், தராசில் வைத்தால் நிறை அன்டெனா வழியாக நேரே பெக்டரி சேர்வருக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் பழைய புரோகிராம் நாள் முழுக்க நிறைகளை மெமரியிலேயே வைத்திருந்து, கடைசி நிறுவை முடிந்த பிறகுதான் டிஸ்கில் எழுதும். இது எனக்குத் தெரியாது. வந்த புதிதில் ஒருநாள் இணைப்பு அறுந்தது, பட்டனை அமுக்கிவிட்டேன். சேர்வர் எழுந்தது, இணைப்பும் வந்தது, காலை நிறை மட்டும் காணவில்லை. நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும்; முழுநாள் உழைப்புக்குப் பாதிநாள் சம்பளம்.

பெண்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்று தங்கள் கிலோவைச் சொன்னார்கள். வாய்க்கணக்கை எடுக்க மாட்டோம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மெசினிலேயே இல்லாதது உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும் என்று நானும் வாயை விட்டேன். முத்துலெட்சுமி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "எனக்குப் பதினொரு கிலோ தம்பி. மெசினு மறந்துரும், எனக்கு எப்படிங்க மறக்கும்? முதுகுல தூக்கிட்டு வந்தது நான்ல."

நிமிஷத்துக்குப் பேரம்

அன்றிலிருந்து அந்தப் பட்டனை நானும் தொடவில்லை, யாரையும் தொடவிடவுமில்லை. அடுத்த தடவை அறுந்தபோது பெக்டரியை நடத்தும் டீமேக்கர் வந்து நின்றார். சிங்களவர், தமிழ் சரளமாக வரும், ஆனாலும் என்னைத் தம்பி என்னாமல் சிங்களத்தில் மல்லி என்றுதான் கூப்பிடுவார். அணைத்துப் போடு என்றார். நான் முப்பது நிமிஷம் கேட்டேன். அவர் ஐந்து என்றார். இழுத்துப் பறித்து இருபதில் முடித்தோம்.

வயர் சரி. லைட் எரிகிறது. 'பிங்' அடித்துக் கூப்பிட்டால் இரண்டு பதில் வரும், மூன்று விழுந்துவிடும். சேர்வரின் ஐபி நம்பரில் பதில் சொல்வது யார் என்று தேடினால், வேறொரு மெசின்! அந்த வாரம் புதிதாகப் பூட்டிய கைரேகை மெசினுக்கு யாரோ சேர்வரின் நம்பரையே கொடுத்திருந்தார்கள். அதன் வயரைப் பிடுங்கினேன், எல்லாம் ஓடியது. பன்னிரண்டு நிமிஷம்தான் ஆனது, மிச்சத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரிக்காமல் கேட்டார்: "மல்லி, நீ சேர்வர் பாக்க வந்தியா, மீன் வாங்க வந்தியா?"

நானே செய்த வினை

இதை எல்லாரும் செய்திருப்பீர்கள், வெளியே சொல்ல மாட்டீர்கள். மாவனல்லையில் இருந்தபடியே அந்தச் சேர்வருக்குள் நுழைந்து, மக்கர் பண்ணிய நெட்வேர்க் கார்டை அணைத்துப் போடலாம் என்று கட்டளை அடித்தேன். அணைந்தது. போடுகிற கட்டளை உள்ளே போக வழியில்லை. நான் போய்வந்த பாதையே அந்தக் கார்டுதான்!

மத்தியான நிறுவைக்கு இன்னும் அரைமணி. பஸ் பிடித்துப் போய்ச் சேர முடியாது. போனில் பெக்டரி ஆபீஸ் பெரிய கிளாக்கர் தவராசாவைப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஒற்றை விரலால் தட்டுகிறவர். ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். ஓரிடத்தில் இடைவெளி விடாமல் தட்டிவிட்டார், நான் கத்திவிட்டேன். அவர் நிதானமாகத் திரும்பத் தட்டி, கார்டு எழுந்த பிறகு சொன்னார்: "தம்பி, கதவைச் சாத்திப்போட்டு வெளியில நிண்டது நீர். உள்ளுக்க நிண்ட என்னோட ஏன் கத்தினனீர்?"

துரையின் விரல்

கொழுந்து கொட்டுகிற மாதம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த பின்னேரம், கடைசி நிறுவைக்கு முன்னால் மடுவத்து இணைப்பு போய்விட்டது. காலை நிறையும் மத்தியான நிறையும் மெமரியில். மடுவத்தில் பெண்கள் வரிசையில். சாக்கில் கொழுந்து சூடேறிக்கொண்டிருந்தது. தோட்டத்து மனேஜர், துரையே இறங்கி வந்து பட்டனில் விரலை வைத்தார். கையை எடுங்க சேர் என்று குறுக்கே நின்றேன். ஒப்பந்தத்தைக் கிழித்துவிடுவேன் என்றார். கடைசி நிறுவை முடிந்ததும் கிழியுங்கள் என்றேன்.

பெக்டரியில் உள்ள மெசின் எல்லாம் பதில் சொன்னது. பெக்டரிக் கூரை அன்டெனாவும் சொன்னது. மடுவத்து அன்டெனா மட்டும் ஊமை. அப்படியென்றால் சேர்வரில் குற்றமே இல்லை. துரையைத் தவராசாவின் காவலில் விட்டுவிட்டு மலையேறினேன். மடுவத்துக் கூரைக் கம்பில், அன்டெனாவை மூடி, கொழுந்து பறிக்கையில் பெண்கள் இடுப்பில் கட்டும் ஈரப் படங்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்தேன், தராசில் பச்சை லைட் வந்தது. அன்றைக்கு ஒரு அரைப்பேரும் விழவில்லை. யார் போட்டது என்று நான் சத்தம் போட, வரிசையில் நின்ற ஒருத்தி சாவதானமாகச் சொன்னாள்: "குச்சி சும்மாதானேங்க நின்னுச்சு, அதுக்கும் ஒரு வேலை குடுத்தோம்."

இப்போது நிறையெல்லாம் அந்தந்த நொடியே எங்கோ தூரத்தில் பதிவாகிவிடுகிறது. எந்தப் பட்டனை யார் அமுக்கினாலும் எவருக்கும் நட்டமில்லை, சண்டைபிடிக்க ஆளில்லாமல் போன எனக்கு மட்டும்தான் நட்டம்.