மிச்சக் கடிதங்களோடு திரும்பினோம்

புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் வீடு வீடாகத் தபால் கொடுக்கும் வேலை எனக்குப் பகுதிநேரமாகத்தான் கிடைத்தது. காலையில் சில மணித்தியாலங்களுக்கு மட்டும் சம்பளம். எனக்குத் தந்த தெருக்களோ அந்த நேரத்துக்குள் முடிகிறவை அல்ல. பனி கொட்டினால் வாசற்படிகளில் ஏறி இறங்கவே பாதி நேரம் போய்விடும். மிச்சத்தைச் சம்பளமில்லாமல் நடந்து முடித்தேன். கேட்டால், நான் மெதுவாக நடக்கிறேன் என்றார் சூப்பர்வைசர். வாடகைக்குப் போதாமல் பின்னேரங்களில் ஒரு பேக்கரிக்கும் போனேன். அங்கே பிந்திப் போய் ஏச்சு வாங்கினேன்.

ஒரு தை மாதக் காலை, கையுறைக்குள் விரல்கள் விறைத்துப்போய் ஒரு வீட்டு வாசலில் நின்றபடி நேரத்தைப் பார்த்தேன். சம்பள நேரம் முடிந்திருந்தது. பையில் இன்னும் இரண்டு தெருக்களின் கடிதங்கள் கிடந்தன. எங்கிருந்தோ ஒரு கோபம் வந்தது. பையோடு நேரே தபால் டிப்போவுக்குத் திரும்பி, சூப்பர்வைசரின் மேசையில் கடிதங்களை வைத்தேன். என் நேரம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். இப்படிச் செய்தால் இனி வேலைக்குக் கூப்பிடமாட்டோம் என்றார் அவர்.

வெளியே வந்தபோது, என்னைப் போலவே பகுதிநேரமாக வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் பின்னால் ஓடிவந்தார்.

"பிள்ளை, உண்மையாவே கொண்டுவந்து வைச்சிட்டியோ?"

"ஓம் அண்ணை. வேலையால நிப்பாட்டுவினமோ தெரியாது."

"ஒராளை நிப்பாட்டலாம். எல்லாரையும் நிப்பாட்டினா ஆர் தபால் குடுக்கிறது? நாளைக்கு நானும் கொண்டு வாறன்."

அடுத்த நாள் கடிதங்களைத் திருப்பிக் கொண்டுவந்தது அவர் மட்டுமல்ல. அவர் இரவோடு இரவாகப் போனில் பேசிவைத்திருந்த பகுதிநேரக்காரர் எல்லாருமே மிச்சத்தோடு திரும்பினார்கள். மேசை நிறைந்து கடிதங்கள் தரையில் சரிந்தன. அந்த வாரம் முழுக்க அப்படித்தான். தபால் வரவில்லை என்று சனங்கள் டிப்போவுக்குப் போன் எடுக்கத் தொடங்கினார்கள். ஒருவரையும் நிறுத்தவில்லை. மேலிடத்திலிருந்து ஒரு பெண் வந்து, எங்களோடு தெருத்தெருவாக நடந்து நேரத்தை அளந்தாள். என் பாதையில் பாதி தூரம் போகுமுன்பே அவளுக்கு மூச்சு வாங்கியது.

புதிய நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டியபோது அண்ணைதான் முந்திக்கொண்டு போனார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தவர், சந்தோசத்தில் தமிழிலேயே கத்தினார்.

"எல்லாருக்கும் நேரம் கூட்டியிருக்கிறாங்கள்! நடக்கிற நேரம் முழுக்கச் சம்பளம்!"

என்னைத் தவிர அங்கே யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லாரும் கை தட்டினார்கள்.