பொக்கை டேப்பும் வெள்ளைப் பலகையும்

தீபாவளிக்கு அத்தைக்கு என்ன வாங்குவது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. சேலைதான். வருடா வருடம் அப்பா ஒன்று வாங்குவார். அத்தை அதைக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வைப்பாள். அதோடு சரி. அத்தை கட்டிய சேலைகளைவிட அடுக்கி வைத்த சேலைகள்தான் அதிகம்.

எனக்குப் பத்து வயது ஆனபோது, இந்த வருடம் நான் வாங்குகிறேன் என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அத்தைக்கு என்ன தேவை என்று எனக்குத் தெரியும்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தாள். பாலோ என்ற சிற்றூரில் தாமான் குடியிருப்பு, வரிசை வீடுகளில் கடைசி வீடு. அத்தை பக்கத்து டவுன் குளுவாங்கில் ஒரு கம்பெனியில் வேலை செய்தாள். விடியும்போது கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். சனி, ஞாயிறு லீவு. லீவு என்றால் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குள் போய்விடுவாள். ரம்பச் சத்தம் கேட்கும். கம்பெனியில் சாமான் வந்திறங்கும் பாலெட் பலகைகளைக் கேட்டு வாங்கி வருவாள். ஆணி பிடுங்கி, இழைத்து, முக்காலி செய்வாள். செருப்பு அடுக்கு செய்வாள். விற்பதற்கு இல்லை. யாரும் கற்றுத் தரவும் இல்லை. கைப்பேசியில் பார்ப்பாள், செய்வாள், கோணலாக வந்தால் பிரித்துத் திரும்பச் செய்வாள்.

"இந்த வீட்டுல ஆம்பளக்கி ஆணி அடிக்கத் தெரியாது. பொம்பள கதவே செய்வா" என்று அம்மா சொல்வார். அப்பாவுக்குக் கேட்கும்படிதான் சொல்வார்.

அப்பாவுக்கு அந்தக் கொட்டகை மேல் ஒரு கண். பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார், எங்கள் பேச்சில் காடி. அது வெயிலில் நின்று நிறம் வெளுத்துக்கொண்டிருந்தது. கடைசி வீடு என்பதால் பக்கத்தில் வழி உண்டு. கொட்டகையை எடுத்துவிட்டால் காடி நிழலில் நிற்கும். இதை அவர் வாரம் ஒரு தடவை சொல்வார். அத்தை பதில் சொல்லாமல் இழைப்பாள்.

அந்த வருடம் பதில் சொன்னாள்.

"அண்ணே, நம்ம குசினியில மேசை இல்ல. எல்லாரும் தட்டத் தூக்கிக்கிட்டு டிவி முன்னால உக்காருறோம். சுவத்துக்கும் தூணுக்கும் நடுவுல ஒரு மேசை போட்டுத் தரேன். தீபாவளிக்கு அதுலதான் சாப்பாடு. அப்புறம் என் கொட்டகையப் பத்திப் பேசக்கூடாது."

"தீபாவளிக்குள்ள மேசை வரலன்னா?"

"காடிய உள்ள விடுங்க."

"பேச்சு மாறக்கூடாது."

"நான் மாற மாட்டேன். நீங்க மாறாதீங்க."

மேசைக்குக் கால் கிடையாது என்றாள். சுவரில் ஒரு கட்டை, தூணில் ஒரு கட்டை. பலகை அந்த இரண்டின் மேல் உட்காரும். கீழே கூட்டிப் பெருக்கச் சுலபம். இடுக்கில் ஒரு காகிதம்கூட நுழையாது, பார் என்றாள். பலகையும் ரெடி. டவுனில் ஒரு பழைய கடையை இடித்தபோது வாங்கி வைத்தது. மெர்பாவ் மரம், கருஞ்சிவப்பு. இரண்டு பேர் தூக்கினால்தான் நகரும். அந்த மாதிரிப் பலகை அத்தையிடம் அது ஒன்றுதான்.

நான் உண்டியலை உடைத்துக்கொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடை முதலாளியான சீனத் தவுக்கே என்னைப் பார்த்ததும் கண்ணாடியை ஏற்றினார். சின்னப் பெண்கள் எல்லாரும் அவருக்கு அமோய்தான்.

"அமோய், என்னா வேணும்? அப்பா ஆணி கேட்டாரா?"

"அப்பாவுக்கு இல்ல. எங்க அத்தைக்கு. தீபாவளிக்குக் குடுக்க."

"துணிக்கடை அந்தப் பக்கம் லா."

"துணி வேணாம். உளி காட்டுங்க."

அவர் கையை ஆட்டினார். "உளி வேணாம், வேணாம். கூரா உள்ளத பெருநாளுக்குக் குடுத்தா உறவு வெட்டிக்கும். எங்க ஆளுங்க குடுக்க மாட்டாங்க."

"எங்க அத்தை உங்க ஆளு இல்லையே."

"உறவு எல்லாருக்கும் உறவுதான்."

அது எனக்குச் சரியாகப் பட்டது. கூர் உள்ளதை விட்டேன். கையுறை எடுத்துக் கொடுத்தார். ரோஸ் நிறம். அத்தை கையுறை போட மாட்டாள், மரம் கைக்குத் தெரியணும் என்பாள். பசை வாங்கினால் தீர்ந்துபோகும். உப்புத்தாளும் அப்படித்தான். பென்சில் இருந்தது. ஆனால் அத்தை கோடு போடுவது பழைய புருவ மையால். அதில் கோடு நன்றாகத் தெரிகிறது என்பாள். அதை மாற்ற நான் யார்?

பிறகு டேப்புகள் தொங்கிய இடத்துக்கு வந்தேன். உண்மையில் முதலிலிருந்தே அதற்குத்தான் வந்தேன். மற்றதை எல்லாம் பார்த்தது, பார்க்கவில்லை என்று இருக்கக்கூடாது என்பதற்காக.

அத்தையின் டேப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குப் பொக்கை என்று பேர். முன்பக்கம் இல்லை. எப்போதோ கொட்டகைக் கதவில் மாட்டி ஒடிந்துபோனது. ஒன்பது சென்டிமீட்டர் வரை கிடையாது. அதனால் அத்தை பத்து என்ற கோட்டிலிருந்து பிடிப்பாள். கடைசியில் வரும் எண்ணில் பத்தைக் கழிப்பாள். வாய்விட்டே கழிப்பாள். "எழுபது… அறுபது." "நூறு… தொண்ணூறு." எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இரண்டு எண் கேட்டால் அத்தை அளக்கிறாள் என்று அர்த்தம்.

எனக்குக் கணக்கு வராது. கழித்தல் என்றால் விரலும் போதாது, கால் விரலும் போதாது. ஒவ்வொரு தடவையும் அத்தை கழிப்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தை நான்தான் தீர்க்கப் போகிறேன்.

மஞ்சள் நிற டேப்பு ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தேன். முனையில் கொக்கி இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை விரல் வைத்து எண்ணினேன். எல்லாம் இருந்தன.

தவுக்கே பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தன வருசம் டேப்பு விக்கிறேன். யாரும் இப்படி எண்ணிப் பாத்து வாங்கினதில்ல."

"எண்ணாம வாங்கிட்டு அப்புறம் இல்லன்னா?"

"அலமாக்" என்று தலையில் கை வைத்தார். சிவப்புத் தாளில் அவரே சுற்றிக் கொடுத்தார்.

தீபாவளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதுவரை வைத்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் மறுநாள் சனிக்கிழமை. மெர்பாவ் பலகையை வெட்டும் நாள். அது என் டேப்பால் அளந்து வெட்டின பலகையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காலையில் அத்தை தேத்தண்ணீர் குடிக்கும்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அத்தை தாளைப் பிரித்தாள். டேப்பை இழுத்தாள், விட்டாள். சர்ரென்று உள்ளே போனது. திரும்ப இழுத்தாள், விட்டாள். ஐந்தாறு தடவை செய்தாள். சேலைக்கு இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"பல்லு மொளச்ச டேப்பு" என்றாள். "நீயேவா யோசிச்ச?"

"நானேதான்."

"யாரும் சொல்லல?"

"யாருக்குத் தெரியும் சொல்றதுக்கு?"

அத்தை என் தலையில் தட்டினாள். பொக்கையைக் கொட்டகை ஆணியில் மாட்டினாள். மஞ்சள் டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குசினியில் நான் கொக்கியைச் சுவரில் பிடித்துக்கொண்டேன். அத்தை தூண் வரை இழுத்தாள். குனிந்து பார்த்தாள்.

"நூத்தம்பது… நூத்தி நாப்பது" என்றாள். புருவ மையால் கையில் நூற்று நாற்பது என்று எழுதிக்கொண்டாள்.

இரண்டு எண். எப்போதும்போல. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

நன்றாக வெட்டினாள். கோட்டை விட்டு ரம்பம் நகரவில்லை. மத்தியானம் அப்பாவும் அத்தையும் ஆளுக்கு ஒரு பக்கம் பலகையைத் தூக்கி வந்தார்கள். அம்மா அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து நின்றார். சுவர்ப் பக்கம் பலகை கட்டையில் உட்கார்ந்தது. தூண் பக்கம் உட்காரவில்லை. கட்டையைத் தொடாமலே கீழே இறங்கியது. அப்பா கையை விட்டிருந்தால் கால் போயிருக்கும்.



"காகிதம் நுழையாதுன்ன" என்றார் அப்பா. "பூனையே நுழையும் போலருக்கே."

அத்தை இடைவெளியைப் பார்த்தாள். கையில் எழுதியதைப் பார்த்தாள். இடுப்பில் இருந்த டேப்பைத் தொட்டாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

எனக்குச் சட்டென்று ரோஷம் வந்தது. அப்பா டேப்பைக் குறை சொல்லிவிடுவாரோ என்று.

"டேப்பு மேல தப்பில்லப்பா" என்றேன். "நான் எண்ணிப் பாத்துதான் வாங்கினேன்."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஆமாண்ணே" என்றாள். "டேப்பு மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் தப்பா வெட்டிட்டேன்."

"அப்ப காடிக்கு எடம் ஆச்சு."

"தீபாவளி இன்னும் வரல."

"வேற பலகை வச்சிருக்கியா?"

"தீபாவளி இன்னும் வரலண்ணே" என்றாள் அத்தை மறுபடியும். அவ்வளவுதான்.

அந்த வாரம் அத்தை வேலை முடிந்து வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனாள். சோறு அங்கேயே போனது. ரப்பர் மரத்தில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு துண்டு இழைத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. பலகையின் முனையிலும் துண்டிலும் துளை போட்டு, மரக்குச்சி வைத்து, பசை தடவி ஒட்டினாள். இறுக்கிப் பிடிக்கச் சாமான் இல்லை. என் சைக்கிளின் பழைய டியூபை நீளமாக அறுத்துச் சுற்றிச் சுற்றி இழுத்துக் கட்டினாள். மறுமுனையை நான் பிடித்தேன். அடியில் நீளவாக்கில் இரண்டு சட்டம் வைத்துத் திருகினாள். பாலெட் கட்டைதான்.

அப்போதுதான் பார்த்தேன். மஞ்சள் டேப்பின் முதுகில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதில் மையால் எழுதியிருந்தது: பத்தைக் கழிக்காதே.

எழுத்து எனக்கு வாசிக்க வரும். வாசித்தேன். ஆனால் அது கணக்குச் சமாச்சாரம். கணக்கு என்றால் நான் தள்ளி நிற்பவள். கேட்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் பலகை குசினிக்கு வந்தது. சுவர்க் கட்டையில் உட்கார்ந்தது. தூண் கட்டையிலும் உட்கார்ந்தது. அத்தை நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அதை இடுக்கில் விட்டுப் பார்த்தார். போகவில்லை.

அப்பா அதோடு விடவில்லை. "ஒட்டுப்போட்டது. தாங்குமா?" என்றார். சொல்லிவிட்டு வெள்ளைப் பலகை மேலேயே ஏறி உட்கார்ந்தார். அப்பா கனமான ஆள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்பா காலை ஆட்டிப் பார்த்தார். எம்பி எம்பி உட்கார்ந்தார். மரம் ஒரு சத்தம் போடவில்லை.

இறங்கினார். "வெயில்ல நின்னா காடி ஒன்னும் உருகிடாது" என்றார். கொட்டகையைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

மறுநாள் அந்த மேசையில்தான் தோசை, கோழிக் கறி, முறுக்கு எல்லாம். வெள்ளைப் பலகைக்கு நேராக ஒரு முக்காலி போட்டு, "இந்தப் பக்கம் உனக்கு" என்றாள் அத்தை. "இது உன்னால வந்தது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வாங்கிக் கொடுத்த டேப்பால் வந்த மேசை, அதனால் அப்படிச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானம் ஆட்கள் வந்தார்கள். தவுக்கேயும் ஒரு பெட்டி ஆரஞ்சோடு வந்தார். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"ஏன் ரெண்டு கலரு?"

அத்தை வாயைத் திறக்குமுன் நான் சொல்வேன். "இந்த வெள்ள என்னால வந்தது."

ஒவ்வொருவருக்கும் சொன்னேன். தெருவில் போனவரைக் கூப்பிட்டு வந்தும் சொன்னேன். தவுக்கே கையால் தடவிப் பார்த்து, "நல்ல டிசைன் லா" என்றார். அத்தை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. மிளகாய் நெடி என்று நினைத்தேன்.

இப்போது நான் ஒரு திரைச்சீலைக் கடையில் துணி வெட்டுகிறேன். பாரம் மூன்றோடு, பதினைந்து வயதில், படிப்பு நின்றது. போன வருடம் என் டேப்பின் முனை கிழிந்துபோனது. நானும் பத்திலிருந்து பிடித்தேன். நானும் கழித்தேன். இரண்டு மாதம் கழித்து முதலாளி புது டேப்பு கொடுத்தார். அன்றைக்கே ஒரு ஜன்னலுக்கு வெட்டின துணி பத்து சென்டிமீட்டர் குறைந்து போனது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அத்தை மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். வெள்ளைப் பலகை இப்போது கொஞ்சம் மஞ்சளாகிவிட்டது.

"என்னா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

"ஒன்னுமில்லத்தை. துணிய தப்பா வெட்டிட்டேன்."

"எவ்வளவு?"

"பத்து."

அத்தை நிமிரவில்லை. கீரைக்கட்டில் பாதியை என் பக்கம் தள்ளினாள். நானும் ஆய்ந்தேன்.

பத்து வயதில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், இந்த வெள்ளை என்னால் வந்தது என்று. நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அது எப்படி உண்மை என்று எனக்குத்தான் அப்போது தெரியவில்லை.