மிஸ்திரி ஏறிய வத்தை

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் தொண்டிக் கடற்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. காரைக்குடி சேசுராஜ் மிஸ்திரி பழுது பார்த்த படகு மோட்டார் முதல் தடவை கடலுக்குப் போகும்போது மிஸ்திரியும் கூடப் போவார். நீச்சல் தெரியாத மனிதர். போகும்போதெல்லாம் வாந்தி எடுப்பார். ஆனாலும் போவார். அதற்கான காரணத்தைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

செட்டியார் வீட்டுக் கார்களையும் லாரிகளையும் கழற்றிப் பூட்டியே வளர்ந்த கை அவருடையது. நாற்பது வயது தாண்டும் வரை கடலில் கால் நனைத்ததில்லை. 1963 ஐப்பசியில் கடலே அவரைத் தேடி வந்தது, பஸ் கூரையில், சாக்கில் சுற்றி.

தொண்டி சேக் தாவூது கொண்டுவந்த பழைய மோட்டார் அது. அவர் அண்ணன் பினாங்கில் பல வருஷம் ஓட்டிவிட்டு, தம்பியின் வத்தையில், அந்தச் சின்ன மரப்படகில், மாட்டிக்கொள்ளட்டும் என்று கப்பலில் அனுப்பியிருந்தார்.

"கயித்த இழுத்தா இருமுது அண்ணே. கெளம்ப மாட்டேங்குது."

சேசுராஜ் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். கார்புரேட்டரில் பிசினாக உறைந்திருந்த பழைய பெட்ரோலைக் கழுவினார். தண்ணீர்ப் பீப்பாயின் விளிம்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தார். சீறிக்கொண்டு கிளம்பியது. இனி ஆயில். அடியில், தண்ணீரைத் தள்ளும் விசிறிக்கு மேலே ஒரு திருகு தெரிந்தது. அதைக் கழற்றி லாரி ஆயிலை நிரப்பி மூடினார்.

"பெட்ரோலுக்குள்ளயே ஆயில ஊத்துவாகன்னு அண்ணன் சொன்ன ஞாபகம்," என்று இழுத்தார் தாவூது.

"பெட்ரோல்ல ஆயிலக் கலந்தா அதுக்குப் பேரு கலப்படம் பாய். போலீஸ் புடிப்பாக."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை சேசுராஜ் சாகும் வரை மறக்கவில்லை.

அடுத்த வாரமே தொண்டியிலிருந்து ஆள் வந்தது. தனியாகக் கடலுக்குப் போன தாவூது திரும்பவில்லை. சேசுராஜ் கைக்கரியோடு பஸ் ஏறினார். கரையில் தாவூதின் மனைவி ரஹீமா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"நீங்கதானா அந்த மிஸ்திரி?"

அவ்வளவுதான் கேட்டாள். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பக்கத்து ஊர் நம்புதாளை மீனவர்கள் வத்தையைக் கட்டி இழுத்து வந்தார்கள். உள்ளே தாவூது உயிரோடு கிடந்தார். உதடு வெடித்திருந்தது. தண்ணீரை இறைத்து இறைத்து உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. சேசுராஜைப் பார்த்ததும், "நடுக்கடல்ல கிறீச்சுன்னு இறுகிருச்சு அண்ணே. மோட்டாரக் கையோட கொண்டாந்துட்டேன், முங்க விடல," என்றார்.

சேசுராஜ் அந்த மோட்டாரைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்து பிரித்தார். பிஸ்டன் வறண்டு, நகத்தால் கீறியதுபோல் கோடு கோடாக இருந்தது. காரில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி இதில் இல்லவே இல்லை. அவர் ஊற்றிய ஆயில் கீழே பல்சக்கரத்தோடு நின்றுவிட்டது. மேலே ஒரு சொட்டும் போகவில்லை. மனைவி யூஜினியா வைத்த சோறு அன்று அப்படியே காய்ந்தது.

சில நாள் கழித்துப் பெட்ரோல் பங்க்கில், ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் டாங்கிக்குள் ஆயிலை அளந்து ஊற்றுவதைப் பார்த்தார்.

"எதுக்கு சார் அது?"

"இதுல ஆயிலுக்குன்னு தனி இடமில்லப்பா. பெட்ரோலோட சேந்து போனாத்தான் உண்டு."

தாவூது சொன்னதும் அதைத்தான். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, சேசுராஜ் அங்கேயே நின்று அழுதார்.

பிஸ்டனைத் தேய்த்து, ரிங் மாற்றி, முதலில் லாரி ஆயிலையே கலந்து பீப்பாயில் ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் திக்கி நின்றது. பிளக்கில் சாம்பல் அடைத்திருந்தது. லாரி இன்ஜினைக் கழுவுவதற்காக அந்த ஆயிலில் சேர்க்கிற மருந்து, இதில் எரிந்து சாம்பலாகிறது என்று புரிந்துகொண்டார். மருந்து சேராத முப்பதாம் நம்பர் ஆயிலை வாங்கி, பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு கலந்தார். காலையில் கிளம்பிய மோட்டார், பீப்பாய்த் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்ற, மாலை வரை நிற்கவில்லை.

அதைத் தொண்டிக்குக் கொண்டுபோய் மாட்டியதும், ரஹீமா வத்தையை மறித்து நின்றாள்.

"அவுக ஏற மாட்டாக. மொதல்ல நீங்க போயிட்டு வாங்க."

"அண்ணனுக்கு நீச்சல் தெரியாது ரஹீமா," என்றார் தாவூது.

"ஒங்களுக்கு மோட்டார் தெரியுமா? தெரிஞ்சா போனீக?"

சேசுராஜ் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். துடுப்போடு மீனவர் பெத்தனும் ஏறினார். "வாந்தி வந்தா அங்குட்டு எடுங்க மிஸ்திரி. இங்குட்டுச் சோறு இருக்கு."

கரை நூலாக மெலியும் வரை போனார்கள். அங்கே சேசுராஜ் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். பெத்தன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அலை தூக்கிப் போட்டது. அந்த மௌனத்தில், தாவூது மிதந்து கிடந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று சேசுராஜுக்குத் தெரிந்தது. கயிற்றை இழுத்தார். மோட்டார் கிளம்பியது.

வத்தை திரும்பியபோது ரஹீமா முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள்.

"நின்னுச்சா?"

"நிக்கல தாயி. நாந்தான் நிறுத்திப் பாத்தேன்."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்போதுதான் அவள் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக் கணவனைப் பார்த்தாள்.

"இப்பப் போங்க."

தாவூது ஏறினார். இறங்கிக் கரையில் நின்றிருந்த சேசுராஜ், யாரும் கேட்காமலே, ஈரத்தோடு மறுபடியும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.