கறுப்பு வெள்ளைக் காதல் படங்களும் என் அப்பாவின் நெஞ்சுவலியும்

கறுப்பு வெள்ளைப் படங்கள் எனக்கு ஆகாது, அதுவும் அந்தச் சிரிப்புக் காதல் படங்கள் அறவே ஆகாது. நாயகி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிடுவாள். நாயகன் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு பாட்டு வாத்தியாராக அதே வீட்டில் நுழைவான். கிழவன் என்று நம்பி எல்லோரும் காப்பி கொடுப்பார்கள். கடைசியில் தாடி கழன்று விழும், அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள், சுபம். எதற்காகக் கோபித்துக்கொண்டு வந்தாள் என்று ஒருவரும் கேட்டுத் தொலைக்க மாட்டார்கள்.

என் அப்பாவுக்கு அவைதான் உயிர். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்ந்தவர். கோலா சிலாங்கூர் வீட்டில் ஞாயிறு மத்தியானமானால் டிவியில் ஒன்றைப் போட்டுவிட்டு, நடிகர்கள் வாயைத் திறப்பதற்குள் வசனத்தை இவர் சொல்லிவிடுவார்.

நான் புருஷனை விட்டுப் புஞ்சாக் ஆலாமில் அறை எடுத்துத் தங்கியபோது, அவன் அடித்தான் என்று தெளிவாகத்தான் சொன்னேன். விவாகரத்துக்கு வக்கீலைப் பார்த்துவிட்டதையும் சொன்னேன். அப்பா சிரித்தார்.

"புருஷன் பொண்டாட்டி ஊடல்லா இது. எந்த வீட்ல இல்ல?"

ஊடலாம். உதடு கிழிந்ததற்குப் பெயர் ஊடல்.

பிறகு ஒரு ஞாயிறு போன் செய்தார். நெஞ்சு வலிக்கிறதாம், மூச்சு வாங்குகிறதாம். நான் அழுதுகொண்டே காரை ஓட்டினேன். போய்ச் சேர்வதற்குள் செத்துவிடுவார் என்றே நினைத்தேன். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த ரோட்டில்தான் தெரிந்தது. அதற்காகவே அவரை மன்னிக்க மாட்டேன்.

நெஞ்சுவலிக்காரர் வேட்டி கட்டி, திருநீறு பூசி வாசலில் நின்றார். உள்ளே, ராவாங்கிலிருந்து வரவழைக்கப்பட்ட என் புருஷன் சப்பணம் போட்டு உட்கார்ந்து வாழையிலையில் கோழிப் பெரட்டல் தின்றுகொண்டிருந்தான்.

"ஏமாந்துட்டியா? இல்லாட்டி நீ எங்க வரப் போற" என்று அப்பா கைதட்டினார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை சாப்பிட்ட இலையிலேயே பெண்ணையும் உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்வது எங்கள் வழக்கம். அதை இன்னொரு முறை செய்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கிவிடும் என்பது அவர் போட்ட திட்டம்.

"மாப்ள எலையிலயே உக்காரும்மா. ஒரு வாய் சாப்பிட்டா கோவமெல்லாம் போயிரும்."

இலையில் அவன் கடித்துப் போட்ட எலும்புகள் கிடந்தன.

"உங்களுக்கு வெக்கமே இல்லையாப்பா?" என்றேன்.

"மாமா ஆசையா செஞ்சிருக்காரு, உக்காரேன்" என்று என் புருஷன் எழுந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தான். சிரித்துக்கொண்டேதான் முறுக்கினான். அப்பாவும் சிரித்தார். அவருக்கு இதுவும் ஒரு காட்சி.

அம்மா குசினியிலிருந்து மசாலாக் கையோடு வந்தாள். அந்தப் படங்களுக்கு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"கைய விடுங்க மாப்ள" என்றாள். அவன் விட்டான். அம்மா குனிந்து இலையைச் சுருட்டி எடுத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து, "எங்கப்பாவும் இப்படித்தான், சிரிச்சிக்கிட்டே என்னையத் திரும்ப உங்க எலையில உக்கார வச்சாரு" என்றாள்.

நான் வெளியே நடந்தேன்.

நான் காரில் ஏறியதும் அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பை இல்லை, கையிலிருந்த மசாலாவைக்கூடக் கழுவவில்லை. அப்பா செருப்பில்லாமல் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"நீ எங்கடி போற? ராத்திரிக்கு யாரு சோறாக்குறது?"

அம்மா பெல்ட்டை மாட்டினாள்.

"கெளம்பு" என்றாள் என்னிடம்.