மெயினைப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் அப்பாவின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்துவிட்டால் திரும்பப் போகாது. சைதாப்பேட்டையில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவர் அவர். அவரிடம் ஆறு வருஷம் வேலை கற்றுக்கொண்ட சித்தப்பா, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சினிமாப் படப்பிடிப்புக்குக் கேரவன் ஓட்டப் போய்விட்டார். ஒரு கல்யாண வீட்டு வேலை பாதியில் நின்றது. "இனிமே அவன் என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று அப்பா தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டார். சித்தப்பாவும் அதே வயிற்றில் பிறந்தவர்தானே, இரண்டு வருஷம் மிதிக்கவில்லை.

எனக்கு ஒன்பது வயதாகியிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கேரவன் வந்து நின்றது. நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. கட்டில், ஆளுயரக் கண்ணாடி, ஏசி, குளியலறை எல்லாம் அதற்குள் இருந்தன. எங்கள் வீட்டில் இதில் எதுவுமே உருப்படியாக இல்லை என்பதால் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். சித்தப்பா இறங்கி, வாசற்படிக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு, வீட்டுக்குள் கேட்கும் குரலில் என்னிடம் பேசினார்.

"பாப்பா, உங்கப்பா கைல சொல்லு. வண்டி ஸ்டார்ட் ஆவுது, ஆனா உள்ள ஒண்ணுமே எரியல. ஆறு மணிக்கு அசோக் நகர்ல ஷூட்டிங் கீது. கரண்டு இல்லாம போனா என் வேல போயிடும்."

"ஊர்ல வேற எலக்ட்ரீஷியனே இல்லியான்னு கேளு" என்றார் அப்பா, பேப்பரை இறக்காமல்.

"கீறாங்க. நம்பிக் குடுக்க முடியாதுன்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவே நான் ஓடி ஓடிக் கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் அம்மாதான் சமையலறையிலிருந்து தீர்ப்புச் சொன்னாள். "தம்பிதான் இங்க மிதிக்கக் கூடாது. நீ அங்க மிதிக்கலாமில்ல?"

அப்பா பேப்பரை இறக்கினார். பிறகு டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினார். டார்ச் அடிக்க என்னையும் கூப்பிட்டார். கரண்டு வந்ததும் சாந்தோம் கடற்கரை வரைக்கும் கேரவனில் ஒரு சுற்றுக் கூட்டிப்போவதாகச் சித்தப்பா எனக்கு வாக்குக் கொடுத்தார். அதனால் அந்த வண்டி சீக்கிரம் சரியாக வேண்டும் என்று என்னைவிட வேண்டிக்கொண்டவர்கள் அங்கே யாரும் இல்லை.

அப்பாவின் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. "மொதல்ல மெயினப் பாரு, அப்பறம் மத்ததப் பாரு." வேலை கற்றுக்கொள்ள வந்த எல்லோருக்கும் அதைத்தான் முதலில் சொல்வார். வீட்டிலேயே இருந்த எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். அதனால் நான் டார்ச்சை அங்குமிங்கும் அடித்து மெயினைத் தேடினேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தரையோரம் ஒரு சிவப்புத் திருகு சுவிட்ச். பேட்டரியிலிருந்து உள்ளே வரும் கரண்டுக்கு அதுதான் மெயின் என்று பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அது ஆஃப் பக்கம் திரும்பியிருந்தது.

"அப்பா! மெயின் ஆஃப்ல கீது!"

அப்பா குனிந்து அதைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா, கூரையில் ஏதோ எழுதியிருப்பது போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திருகப் போன என் கையை அப்பா பிடித்து நகர்த்தினார்.

"அது இல்ல. லைட்ட இந்தப் பக்கம் அடி" என்றார்.

அதன்பிறகு நடந்தது அநியாயம். பேட்டரி முனைகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். இன்வெர்ட்டர் மூடியைத் திறந்து ஊதினார்கள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார்கள். "இத எவன்டா இப்டி முறுக்கி வச்சான்?" என்று அப்பா கத்தினார். "நான்தான். நீ சொல்லிக் குடுத்த மாரிதான் முறுக்கனேன்" என்று சித்தப்பா சொல்ல, இருவரும் எதற்கோ சிரித்தார்கள். மத்தியானம் அம்மா மீன் குழம்பும் சோறும் வண்டிக்கே அனுப்பினாள். நடிகர்கள் உட்காரும் சோபாவில் உட்கார்ந்து, வேர்த்து வழிய, அவர்கள் சாப்பிட்டார்கள். அப்பா தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துச் சித்தப்பா தட்டில் வைத்தார். நான் இன்னும் இரண்டு தரம் மெயினை ஞாபகப்படுத்தித் திட்டு வாங்கினேன்.

ஐந்து மணிக்கு அப்பா கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிவப்புத் திருகைத் திருப்பினார். எல்லா விளக்கும் எரிந்தது. "அண்ணன் கை பட்டாதான்பா" என்றார் சித்தப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஷூட்டிங்குக்கு நேரமாகிவிட்டதால் கடற்கரைப் பயணம் ரத்தானது.

நான் அழுதுகொண்டே அம்மாவிடம் போய், அப்பாவுக்கு வேலையே தெரியவில்லை, நான் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்ததை அவர் பொழுது சாயத்தான் கண்டுபிடித்தார் என்று புகார் செய்தேன். அம்மா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. இன்றைக்கு நினைத்தால் அந்த மூன்று பேர் மேலும் எனக்குக் கொள்ளை ஆசை. அன்றைக்கு மூன்று பேர் மேலும் கடுங்கோபம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கேரவன் வந்து வாசலில் நின்றது. உள்ளே எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, ஏசிகூட ஓடியது. எதுவும் கெடவில்லை என்று உள்ளே ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, டெஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.