தாஸ் பம்ப் அடிக்க, நான் சுட

போன வாரம் பார்சலைப் பிரித்ததும் குப்பென்று பிளாஸ்டிக் வாசனை. ஏர் கன் என்றால் மெஷின் எண்ணெயும் ஊறிய தோலும் கலந்து மணக்க வேண்டாமா? இது புதுச் செருப்பு மாதிரி மணக்கிறது. அறுபதைத் தாண்டியவன் தொம்மலூர் மொட்டைமாடியில் துப்பாக்கியும் கையுமாக நிற்பதைப் பார்த்து, எதிர் ஆபீஸ் கண்ணாடிக்குள் டீ குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

அந்த எண்ணெய் வாசனை என்றால் எனக்கு தாஸ்தான். மோட்டார் சாமான் கடையில் என்னோடு வேலை பார்த்தவன், இதே தொம்மலூரில் பிறந்து வளர்ந்தவன், பேச்சில் கன்னடம் கலந்துவரும். நான் திருப்பத்தூரிலிருந்து வந்த புதிது. ஒக்கலிபுரத்தில் ஓர் அறையில் ரயில் சத்தத்தோடு தூங்கப் பழகிக்கொண்டிருந்தேன். அவனைத் தவிர இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. பழைய சாமான் விற்கும் குஜிரிக் கடையில் இருவரும் சேர்ந்து ஒரு பம்ப் துப்பாக்கி வாங்கினோம். மரக்கட்டை உடம்பு, தூக்கினால் தோள் இறங்கும். குழலுக்கு அடியில் ஒரு லீவர். அதை இழுத்து இழுத்து மூடினால் உள்ளே காற்று ஏறும்.

ஏறும், நிற்காது. உள்ளே தோல் வாஷர் காய்ந்து போயிருந்தது. தாஸ் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் உஸ்ஸென்று கசியும். அடித்தவனே சுடலாம் என்றால், கை நடுக்கம் அடங்குவதற்குள் பாதிக் காற்று போயிருக்கும். அதனால் தாஸ் மூச்சுவாங்க அடித்து என் கையில் திணிப்பான். நான் உடனே சுட வேண்டும்.

"சுடு மச்சா, பேக பேக! காத்து போகுது!"

"குறி பாக்க விடுடா."

"குறியெல்லாம் அப்புறம் பாரு குரு, மொதல்ல சுடு!"

நான் அடிக்கிறேன், நீ சுடு என்றால் கேட்க மாட்டான். "ஒன் கைய வச்சு பலூன்கூட ஊத முடியாது" என்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆனேக்கல் பஸ் ஏறுவோம். "ஏனிது?" என்று கண்டக்டர் கேட்டால், "பைப்பு சார்" என்பான். அவன் அக்கா வீட்டுத் தைலமரத் தோப்பில் நூல் கட்டித் தொங்கவிட்ட சோடா மூடிதான் எங்கள் எதிரி. குருவியைப் பார்த்துக் குழலைத் திருப்பினால் கையை ஒடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். மூடி எப்போதாவது டிங்கென்றால், அதைச் சாய்த்தது அவன் காற்றா என் குறியா என்று பஸ் திரும்பி வரும்வரை சண்டை. அந்தத் தோப்பு இப்போது வீட்டுமனை லேஅவுட். துப்பாக்கி எங்கே போனதென்று தெரியவில்லை.

நியாயமாகச் சொன்னால் புதியதுதான் மேல். எடையே இல்லை. நாலைந்து தடவை லேசாக அடித்தால் போதும், ரப்பர் வாஷர் காற்றை விடாது. மேலே லென்ஸ் வேறு. மணல் மூட்டையில் ஒட்டிய காகிதத்தில் நினைத்த இடத்தில் ஓட்டை விழுகிறது. ஒரே ஆள் எல்லாம் செய்துகொள்ளலாம். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், சுடுகிற ஆசையில் நான் இதை வாங்கவில்லை. மனைவி போனபின் வீட்டில் பேச ஆளில்லை. கடை மூடிய பிறகு ஆனேக்கலுக்கு மகனோடு போய்விட்ட தாஸ், பொங்கலுக்குப் பொங்கல் போனில் பேசுவதோடு சரி. இதைச் சாக்காக வைத்தாவது அவனை வரவழைக்கலாம் என்று போன் போட்டேன்.

"புது கன்னு வாங்கியிருக்கேன். ஞாயித்துக்கெழம வாடா."

"இனிமே யாரு பம்ப் அடிக்கிறது? தோளு போச்சு மச்சா."

"ஒண்ணும் அடிக்க வேணாம். சும்மா தொட்டாலே ஏறுது. காத்தும் நிக்குது."

தாஸ் சிரித்தான். "அப்போ நான் எதுக்கு குரு?"

கேலிதான். 'நீ வா' என்று மட்டும் சொன்னேன். "நோடோணா, பாக்கலாம்" என்று வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை குண்டு போடாமல் காற்றை மட்டும் ஏற்றி, சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். பிளாஸ்க்கில் டீ, பக்கத்தில் இரண்டு டம்ளர். தெருவில் ஆட்டோ நின்றபோதெல்லாம் எட்டிப் பார்த்தேன். தாஸ் வரவில்லை. இருட்டும் நேரத்தில், மணல் மூட்டையைப் பார்த்து விசையை அழுத்தினேன். டப்பென்று முழு வேகத்தோடு வந்தது. காலையில் ஏற்றிய காற்று கொஞ்சமும் குறையவில்லை.

பழையது அரை நிமிஷம் தாங்காது. அந்த அரை நிமிஷத்துக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.