கறுப்பு ராஜாவின் கிரீடம்

இன்று கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கும் மூன்று ராஜா பொம்மைகளில் கறுப்பு ராஜாவுக்கு வண்ணம் தீட்டினேன். கிரீடத்தில் முதலில் வெள்ளை பூசி, காய்ந்த பிறகே மஞ்சள் வைத்தேன்.

ஒன்பது வயதில் அது தெரியாது. விவேக் நகர் வீட்டில் அப்பா அடித்த கறுப்பு காய்வதற்குள் மஞ்சளைத் தீற்றினேன். கிரீடம் பாசி நிறமாகிவிட்டது. டர்பன்டைன் வாசனையோடு வந்த அப்பா, "யார் வேலைடா இது?" என்றார்.

"ஸ்டெல்லாப்பா."

தங்கை ஸ்டெல்லாவுக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் வீட்டில் கடைசிப் பிள்ளைதான் குழந்தை இயேசுவைக் குடிலில் வைக்கும். அந்த வருஷம் அப்பா என்னை வைக்கச் சொன்னார். அவள் பார்த்துக்கொண்டிருக்க, வைத்தேன்.

மாலையில் ஸ்டெல்லா வந்தாள். ராஜாவை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். "சின்ன வயசுல நான் நாசம் பண்ண ராஜாதானேண்ணா?"

எல்லோரும் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டிருக்கிறாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமா, அதேதான்" என்றேன்.